மூன்றரை லிட்டர் கௌரவம்

புதிதாகக் கார் வாங்கியவரைக் கண்டுபிடிக்க அவருடைய காரைப் பார்க்க வேண்டியதில்லை. சட்டைப் பையைப் பார்த்தால் போதும். பேனாவுக்குப் பக்கத்தில் நான்காக மடித்த டிஷ்யூ பேப்பர் ஒன்று எட்டிப் பார்க்கும். பிரித்தால் நடுவில் தேன் நிறத்தில் ஒரு கறை. கேட்டாலும் காட்டுவார், கேட்காவிட்டாலும் காட்டுவார்.

"இன்னிக்குக் காலையில டிப்ஸ்டிக்ல எடுத்தது. கலர் எப்படி இருக்கு பாருங்க. இதைப் போய் மாத்தணும்கறான் சார்!"

இதே மனிதர் ஷோரூமில் இப்படி இல்லை. அங்கே எக்ஸ்-ஷோரூம் விலை என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, ஆன்-ரோடு விலை என்று வேறொன்றை நீட்டினார்கள். இரண்டுக்கும் நடுவே வாழ்நாள் வரி, இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டேக், எக்ஸ்டெண்டட் வாரண்டி, 'பேசிக் கிட்' என்ற பெயரில் மட் ஃப்ளாப்பும் மிதியடியும். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று தனியாக ஒரு வரி இருந்தது. யாரை யார் ஹேண்டில் செய்ததற்கு என்று அவர் கேட்கவில்லை. பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். பட்டுத்துணியை விலக்கினார்கள், கேக் வெட்டினார்கள், அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். நாலு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஒன்பது லட்சம் போனதே தெரியவில்லை.

அந்தப் பட்டியலில் எதுவும் புரியாததால் எதிலும் அவரால் பேரம் பேச முடியவில்லை. பேசாத பேரமெல்லாம் உள்ளேயே தேங்கிக் கிடந்து, ஒரு வருஷம் கழித்து உடைத்துக்கொண்டு வெளியே வருகிற இடம்தான் ஆயில். ஆயில் அவருக்குப் புரியும். லிட்டர் கணக்கில் வருகிறது, ஊற்றுகிறார்கள், கண்ணால் பார்க்க முடிகிறது. செக்கு நல்லெண்ணெய் லிட்டர் என்ன விலை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய குடும்பத்துப் பிள்ளை அவர்.

சண்டை ஆரம்பிப்பது மூன்றாவது ஃப்ரீ சர்வீஸில். முதல் இரண்டிலும் பார்த்தார்கள், துடைத்தார்கள், கொடுத்தார்கள். காபி மெஷினில் இவரும் இரண்டு கப் குடித்துவிட்டு நிறைவாக வந்தார். மூன்றாவதில், 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அப்போது, ஆயில் மாற்ற வேண்டும். கையில் டேப்லெட் வைத்திருந்த சர்வீஸ் அட்வைசர் தம்பி எஸ்டிமேட்டைப் படித்தான். 6,800 ரூபாய்.

"ஃப்ரீ சர்வீஸ்னுதானே தம்பி கூப்பிட்டீங்க?"

"லேபர் மட்டும்தான் சார் ஃப்ரீ."

கல்யாணத்துக்கு அழைத்து, பந்தியில் உட்காரவைத்து, பரிமாறுகிற கைக்குக் காசில்லை, இலையில் விழுகிற பதார்த்தத்துக்குத்தான் காசு என்று சொன்ன மாதிரி அவர் முகம் போயிற்று. பட்டியலை வாங்கிப் பார்த்தார். ஆயில், ஃபில்டர், வாஷர் இவை மூன்றும் நியாயமான உருப்படிகள். அதற்குக் கீழே ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், த்ராட்டில் பாடி கிளீனிங், வீல் அலைன்மென்ட், பேலன்சிங், அண்டர்பாடி கோட்டிங், கடைசியில் 'கன்ஸ்யூமபிள்ஸ்'. மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "ஆயில், ஃபில்டர், வாஷர் மூன்றும் போதும், மற்றதெல்லாம் அடிச்சுடுப்பா" என்று சொல்லியிருந்தால் தம்பி மறுபேச்சில்லாமல் அடித்திருப்பான். பில் 2,480 ரூபாயில் நின்றிருக்கும். கூலியும் கிடையாது, பேரலிலிருந்து அளந்து ஊற்றுவதால் இன்ஜின் குடிக்கிற மூன்று லிட்டர் சொச்சத்துக்கு மட்டும்தான் காசு. ஆனால் அப்படிச் சொன்னால் விஷயம் அங்கேயே முடிந்துவிடுமே! "யோசிச்சுச் சொல்றேன்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று ராத்திரி டேஷ்போர்டு அறையில் பாலிதீன் உறை பிரிக்காமல் கிடந்த மேனுவலைப் பிரித்தார். கார் வாங்கிய முதல் வருஷத்தில் அந்தப் புத்தகத்தைத் திறந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களில் இவரும் சேர்ந்தார் என்பதைப் பதிவு செய்வது நியாயம். அதில் 'ஜீரோ டபிள்யூ ட்வென்ட்டி' என்று போட்டிருந்தது. விளக்கம் தேடிப் படித்தார். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. பின்னால் உள்ளது, இன்ஜின் சூடேறி 100 டிகிரியில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு.

மாமனார் அம்பாசடர் காலத்தவர்.

"குளிருக்கா? தாம்பரத்துலயா? மாப்பிள்ளை, ஆயில்னா கையில எடுத்தா கெட்டியா நிக்கணும். ட்வென்ட்டி டபிள்யூ ஃபார்ட்டி ஊத்துங்க. நாங்க ஆயுசு பூரா அதைத்தான் ஊத்தினோம்."

மாமனாரை மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத நம்மவர் இந்த ஒரு விஷயத்தில் மறுத்தார். தாம்பரத்து விடியற்காலை 25 டிகிரி என்றால், 100 டிகிரியில் வேலை செய்கிற இன்ஜினுக்கு அதுவே குளிர்தான். ராத்திரி முழுக்கக் கீழே வடிந்து கிடக்கிற ஆயில், சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் மேலே ஏற வேண்டும். இன்றைய இன்ஜின்களின் இடுக்குகள் மெல்லிய ஆயிலுக்காகவே அளந்து செய்தவை. இதையெல்லாம் அவர் விளக்கமாகச் சொன்னார். மாமனார் மறுமொழி பேசாமல் மகளிடம் திரும்பி, "மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல வேலை கம்மியாம்மா?" என்று கேட்டார்.

அடுத்த சந்தேகம், மாற்றத்தான் வேண்டுமா என்பது. வண்டி ஓடியிருப்பதே 3,900 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி வீட்டுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் நடுவே ஓடியது. "பத்தாயிரத்துல பாதிகூட ஓடலையே" என்பது அவர் வாதம். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கிற வண்டியில் இன்ஜின் முழுசாகச் சூடேறுவதே இல்லை. உள்ளே படிகிற ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலோடு கலந்து தங்கிவிடும். நெடுஞ்சாலையில் மதுரைக்கும் சென்னைக்கும் பறக்கிற வண்டியைவிட, காய்கறி வாங்கப் போய்வருகிற வண்டியின் ஆயில்தான் பாவப்பட்டது. மேனுவலில் 'எது முந்துகிறதோ' என்று சும்மா போடவில்லை.

சரி, மாற்றத்தான் வேண்டும். வெளியே மாற்றினால் வாரண்டி போய்விடும் என்று அலுவலகத்தில் யாரோ பயமுறுத்தினார்கள். அதற்கும் நம்மவர் ஆயுதம் கண்டுபிடித்தார். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் முடக்கியதாக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்றும் சொன்னது. இதைப் பிரின்ட் எடுத்து, மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு, சர்வீஸ் சென்டருக்கே போய் அந்தத் தம்பியிடம் நீட்டினார். தீர்ப்பு வந்தபோது தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதுல லேபர் இன்க்ளூடடா?" என்று கேட்டான்.

பிறகு மின்சார ரயிலில் ஏறினார். ஆம், ரயிலில்தான். ஆயில் வாங்கக் காரில் போனால் பெட்ரோல் வீண், மவுண்ட் ரோட்டுப் பக்கம் நிறுத்தவும் இடம் கிடைக்காது. எழும்பூரில் இறங்கி முதலில் புதுப்பேட்டை. நின்ற வண்டியை நட்டு போல்ட்டாகப் பிரித்து அடுக்கிவிடுவார்கள் என்று ஊரே பேசுகிற பேட்டை அது. பழைய உதிரி பாகங்களுக்குத்தான் பெயர் போனது, புது ஆயிலுக்கு அல்ல. இருந்தாலும் பார்த்துவைத்தார். அங்கிருந்து ஜி.பி. ரோடு. வரிசையாகக் கார் சாமான் கடைகள். ஒவ்வொன்றிலும் ஏறி, "ஜீரோ டபிள்யூ ட்வென்ட்டி, ஃபுல் சிந்தெடிக், மூன்றரை லிட்டர் கேன்" என்று ஒப்பித்தார். மூன்றாவது கடைக்காரர் "எத்தனை டஜன் சார்?" என்று கேட்டார். அவர் கேட்ட தோரணை அப்படி.

எம்ஆர்பி 2,150. பேசிப் பேசி 1,900க்கு இறங்கியது. மூடியைத் தட்டிப் பார்த்தார், சீலை நகத்தால் சுரண்டினார், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தார். நல்ல காரியம்தான். காலி கேன்களை வாங்கி மட்ட ஆயிலை நிரப்பி விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஃபில்டர் 110, வாஷர் 20. வாஷரை வேண்டாம் என்றுதான் சொன்னார். "சார், அது நசுங்கித்தான் பிடிக்கும். பழசையே போட்டா ஒழுகும்" என்று கடைப்பையன் தலையில் கட்டினான். எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு தாம்பரம் வரை உட்கார்ந்து வந்தார். அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து அவர் அலுவலகத்துக்குக்கூடப் போனதில்லை.

மெக்கானிக் பாயின் கடை வேப்பமரத்தடி ஷெட். நாலு வண்டி நிற்கலாம், ஐந்து நிற்கும். பாய் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வண்டிய ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க சார்."

"எதுக்கு பாய்? பெட்ரோல்தானே வீண்?"

"சூடானாத்தான் இளகி முழுசா இறங்கும். இல்லன்னா அழுக்கு அடியிலயே தங்கிடும்."

ட்ரெயின் போல்ட்டைக் கழற்றியதும் கருத்த ஆயில் கொட்டியது. நம்மவர் வெள்ளைச் சட்டையோடு குனிந்து, டிஷ்யூ பேப்பரின் தேன் நிறத்தையும் தட்டில் விழுந்த கருப்பையும் ஒப்பிட்டு அதிர்ந்தார். டிப்ஸ்டிக் நுனியில் மெல்லிசாகப் பார்த்தால் தேன், மொத்தமாகப் பார்த்தால் கருப்பு.

"ஆயில் கருத்தா கெட்டுப்போச்சுன்னு இல்ல சார். அழுக்கை வாரிக்கிட்டு வந்தாத்தான் கருக்கும். கருக்கலைன்னாத்தான் நான் யோசிப்பேன்" என்றார் பாய்.

"இந்தப் பழசை என்ன பண்ணுவீங்க?"

"பேரல்ல ஊத்தி வெப்போம். ஆள் வந்து எடுத்துக்குவான்."

"சும்மாவா?"

பாய் நிமிர்ந்து பார்த்தார். பதில் சொல்லவில்லை.

"காசுக்குத்தானே? அப்போ கூலியில அதைக் கழிச்சுக்கலாமே!"

உபயோகித்த ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. உரிமம் பெற்றவர்களிடம்தான் போய்ச் சேர வேண்டும். நடப்பில் அதில் ஒரு பங்கு சென்ட்ரிங் பலகைக்குப் போய்விடுகிறது, கான்கிரீட் ஒட்டாமல் இருக்கத் தடவுவார்கள். நாம் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிற சீலிங்கில் யார் வீட்டுக் கார் ஆயில் இருக்கிறதோ. பேரலில் ஊற்றிவைக்கிற பாய் அந்த வகையில் உத்தமர். பெருமூச்சு விட்டு 400 ரூபாய்க் கூலியை 350 ஆக்கினார்.

புது ஆயிலை ஊற்றிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். மேல் கோட்டில் நின்றது. கேனில் இன்னும் கால் லிட்டருக்கு மேல் மீதி.

"முழுசா ஊத்திடுங்க பாய். காசு கொடுத்து வாங்கினது."

"கோட்டைத் தாண்டினா கிராங்க் போய் அடிச்சு நுரை தள்ளிடும் சார். நுரை ஏறினா ஆயில் இருந்தும் இல்லாத மாதிரிதான்."

அரைமனதோடு மூடிவைத்துக்கொண்டார். அந்த மீதி ஆயில் பிற்பாடு கேட் கீலுக்கும், எதிர்வீட்டுப் பையனின் சைக்கிள் செயினுக்கும் போயிற்று. ஃபுல் சிந்தெடிக் ஓடுகிற சைக்கிள் அந்தத் தெருவில் அது ஒன்றுதான். கள்ள ஆயில்காரர் கையில் சிக்காதபடி பக்கவாட்டில் துளை போட்ட காலிக் கேன், துளசிச் செடிக்குச் சொட்டுநீர் பாய்ச்சுகிறது.

ராத்திரி கணக்கு எழுதினார். ஆயில், ஃபில்டர், வாஷர், கூலி, ஆக மொத்தம் 2,380. மிச்சம் நூறு ரூபாய்தான் என்று நினைப்பவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அவர் 6,800இலிருந்து கழித்தார்.

"நாலாயிரத்து நானூத்தி இருபது ரூபா மிச்சம்!"

"என்னங்க, அன்னைக்கு அரைநாள் லீவு போட்டீங்களே, அதை எழுதலையா?" என்றார் மனைவி.

"அது சம்பளத்தோட லீவும்மா."

அந்த நாலாயிரத்துச் சொச்சம் இப்போது அப்பார்ட்மென்ட் முழுக்கப் பிரசித்தம். லிஃப்டில் ஏறுகிறவர்களுக்குத் தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்குள் சொல்லி முடித்துவிடுவார். யார் கார் வாங்கப் போனாலும் துணைக்கு அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். போன மாதம் மச்சினனோடு எலெக்ட்ரிக் கார் பார்க்கப் போனார். விற்பனைப் பையன் உற்சாகமாகச் சொன்னான்:

"இதுல இன்ஜினே கிடையாது சார். இன்ஜின் ஆயில் மாத்தற செலவே இல்லை!"

நம்மவர் முகம் விழுந்துவிட்டது. மச்சினன் பெருக்கல் குறிகளைத் தேடித் தேடிக் கையெழுத்துப் போட ஆரம்பித்தான். ஹேண்ட்லிங் சார்ஜ் வரி கண்முன்னே கடந்து போனது. நம்மவர் பார்க்கக்கூட இல்லை.

"சுத்தமா எதுவுமே ஊத்த வேணாமா தம்பி?"

"பேட்டரிக்குக் கூலன்ட் இருக்கு சார்."

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எத்தனை லிட்டர்?"