சுவர் ஒன்று, சூப்பர்வைசர் ஊர் முழுக்க

எங்கள் ஊரில் சுவர் விரிசல் விட்டால் மேஸ்திரியைத் திட்ட முடியாது. பூமியைத்தான் திட்ட வேண்டும். கே.ஜி.எஃப். என்னும் கோலார் தங்கவயல்தான் எங்கள் ஊர். இங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அத்தனை ஆழத்தில் குடைந்து தங்கத்தை எடுத்தால் பாறை சும்மா இருக்குமா? அவ்வப்போது வெடித்தது. ராக் பர்ஸ்ட் என்பார்கள். கீழே ஆட்களைக் காவு வாங்கியது, மேலே வீட்டுச் சுவர்களில் கோடு கிழித்தது. பாறையின் போக்கை ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் 1988ல் எங்கள் ஊரில்தான் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடிய பிறகும், உள்ளே தண்ணீர் ஏற ஏறப் பாறை முனகிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே என் வீட்டுத் தோட்டத்துக் காம்பவுண்டு சுவரில் ஓடும் விரிசலை யாரும் சாதாரணமாக எடைபோட வேண்டாம்.

மைத்துனர் எடைபோட்டார். சென்னையிலிருந்து வந்தவர், காபியைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தங்கவயல்ல வீடுன்னு பேரு. சுவரைப் பார்த்தா பித்தளைகூடத் தேறாது போலிருக்கே மாமா” என்றார். அன்று இரவே என் மனைவி தீர்மானம் நிறைவேற்றிவிட்டாள். பொங்கலுக்குள் சுவர் பளிச்சென்று ஆகியிருக்க வேண்டும்.

அது கருங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் வைத்துக் கட்டிய சுவர். அதன்மேல் எந்தக் காலத்திலோ யாரோ ஒரு புண்ணியவான் சிமெண்டைப் பூசிவிட்டுப் போயிருந்தார். பூச்சு அப்பளமாக உப்பி நின்றது. விரலால் தடவினால் வெள்ளையாக உப்பு உதிரும். அடியில் பாசி, நடுவில் பாதி கிழிந்த தேர்தல் போஸ்டர், உச்சியில் திருடனுக்காகப் பதித்த கண்ணாடிச் சில்லுகள். இடுப்பளவு சுவரில் திருடன் ஏன் ஏற வேண்டும், தாண்டிவிட மாட்டானா என்று யோசிக்காத தலைமுறை அது.

வேலை ஆரம்பிக்கும் முன்பே ஊர் கூடிவிட்டது. கே.ஜி.எஃப்.பில் பென்ஷன்காரர் ஒவ்வொருவரும் பாறை வைத்தியர். பக்கத்து வீட்டு மாமா சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். மேற்பாறை இறங்காமல் மரம் வைத்து முட்டுக்கொடுப்பதே அவருக்கு உத்தியோகம். கடப்பாரையோடும் சுரங்க பாஷையோடும் வந்தார். அந்தப் பாஷையில் தாதுவுக்கு மேலே இருக்கும் பாறை ஹேங்கிங் வால், கீழே இருப்பது ஃபுட் வால்.

“மாப்ள, இந்தப் பக்கம் ஹேங்கிங் வாலு. அந்தப் பக்கம் ஃபுட் வாலு. ஹேங்கிங் வாலை மட்டும் நம்பாதே.”

“மாமா, இது ரோஜாச் செடிக்குப் பின்னால இருக்கிற சுவர்.”

“சுவரு எங்க இருந்தா இன்னா? சும்மா இரு.”

கடப்பாரை நுனியால் தட்டிக்கொண்டே காதைச் சாய்த்து நடந்தார். கணீரென்று கேட்டால் நல்ல இடம். டொப்பென்று கேட்டால் உள்ளே வாய் திறந்திருக்கிறது. சுரங்கத்துக்குள் தலைக்கு மேல் இருக்கும் பாறையை இப்படித் தட்டிப் பார்த்துத்தான் உயிரோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். டொப்பென்ற இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். முடிவில் சுவரில் வட்டம் இல்லாத இடம் போஸ்டர் ஒட்டியிருந்த இடம்தான்.

மனைவியின் திட்டம் வேறு. மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறும் கே.ஜி.எஃப்.காரர்களில் எங்கள் மகனும் ஒருவன். 2009 வாக்கில் பெங்களூரு மாநகராட்சி, சினிமா பேனர் வரைந்தவர்களை வைத்துத் தெருச் சுவர்களில் அருவி, புலி, அரண்மனை எல்லாம் வரைய வைத்தது. அந்தப் புகழ் அவன் வழியாக எங்கள் சமையலறைக்கும் வந்து சேர்ந்திருந்தது. “நம்ம சுவத்துல ஜோக் அருவி போடலாங்க” என்றாள். விசாரித்தால், அருவிக்கு ஒரு ரேட், புலி வேண்டுமென்றால் தனி ரேட். சுவரில் ஏற்கெனவே ஈரம் வழிகிறது, அருவி இலவசமாகவே வரும் என்று நான் சொன்னதை அவள் ரசிக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் சிக்கன ஆசாமி. “மணலுக்கு ஏன் காசு? சைனைட் மேட்டுல அள்ளிக்க, மாவு மாதிரி பூசலாம்” என்றார். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மலை மலையாக நிற்கிறது. உப்பும் ரசாயனமும் கலந்த தூள். காற்றுக் காலத்தில் அது கூப்பிடாமலே வந்து எங்கள் கொடித் துணியிலும் சாம்பாரிலும் உட்காரும். சுவருக்கு வேறு அழைப்பு வைக்க வேண்டுமா?

கடைசியில் வந்த மேஸ்திரி மாமாவின் வட்டங்களைப் பார்த்து, “யாரு போட்டது? கரெக்டா இருக்கே” என்றார். மாமா அன்று மீசையை முறுக்கிய வேகத்தில் எனக்குக் காற்று வந்தது. மேஸ்திரி சொன்ன கணக்கு எளிது. சுண்ணாம்புச் சுவர் உள்ளே ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமெண்டால் மூடினால் ஈரம் போக வழியில்லை. உப்பைத் தள்ளிக்கொண்டு பூச்சையே பெயர்த்துவிடும். பெயிண்ட் அடித்தாலும் அதே கதி, புலிக்கும் சேர்த்து.

சிமெண்டை உடைத்து எடுத்தோம். கம்பி பிரஷால் உப்பைத் தேய்த்து, கல் இடுக்குகளிலும் விரிசலிலும் சுண்ணாம்புக் கலவை திணித்து, மேலே மெல்லியதாகச் சுண்ணாம்புப் பூச்சு. அது காயக் காய நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டு நீர் ஊற்றினால் கொதிக்கும் பாருங்கள், கண்ணைக் காட்டிவிடக் கூடாது. ஊறியதை வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையால் அடித்தோம். முதல் பூச்சில் ஒன்றுமே தெரியவில்லை. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். காய்ந்த பிறகுதான் வெள்ளை எழுந்தது. கண்ணாடிச் சில்லுகள் இருந்த இடத்தில் இப்போது அவரைக்கொடி ஓடுகிறது. விரிசல் விழுந்த இடத்தில் மட்டும் மாமாவின் வற்புறுத்தலால் ஒரு முட்டுக் கட்டை நிற்கிறது. தேவையே இல்லை, ஆனால் எடுக்கச் சொல்லும் தைரியம் தெருவில் யாருக்கும் இல்லை.

2018ல் ‘கே.ஜி.எஃப்.’ சினிமா வந்ததிலிருந்து வெளியூர் இளைஞர்கள் எங்கள் ஊரைச் சுற்றிப் படம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் சுவருக்கு முன்னால் தாராளமாக நில்லுங்கள், கையைக் கட்டிக்கொண்டு முறையுங்கள். சாய மட்டும் வேண்டாம். கறுப்புச் சட்டையில் சுண்ணாம்பு ஒட்டினால் நான் பொறுப்பல்ல.