கலஞ்சோவும் யாமமும்: வீட்டுச் செடியைப் பூக்கவைத்தல் குறித்த ஒரு முதற்கட்ட ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

நர்சரியில் வாங்கும்போது கலஞ்சோ பூத்துக் குலுங்கிக்கொண்டிருக்கும். கையடக்கத் தொட்டி, தடித்த பளபளப்பான இலைகள், உச்சியில் நாலிதழ்ச் சிவப்புப் பூக்கள் கொத்துக் கொத்தாக. வீட்டுக்கு வந்து அந்தப் பூக்கள் காய்ந்தபின் செடி இலை விடும், தண்டு விடும். பூ மட்டும் விடாது. அது நாளுக்கு நாள் கொழுப்பதை, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வீடு திரும்பும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் குடும்பத்தார் பார்க்கத் தொடங்குவர். இதில் குற்றவாளி செடியா, குடும்பமா என்பதே நம் வினா. எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் இரண்டு தொட்டிகளை வைத்து இரண்டு ஆண்டுகள் இவ்வாய்வு நடந்தது. நிதி நல்கை: மளிகைக் கணக்கின் மிச்சம்.

2. முன்னோடிகள்

கலஞ்சோவின் பிறந்தகம் மடகாஸ்கர். 1932 வாக்கில் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் நர்சரி வைத்திருந்த ராபர்ட் பிளாஸ்ஃபெல்ட் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அறிவியல் பெயரில் அவர் பெயரும் ஒட்டிக்கொண்டது. செடியைக் கண்டுபிடித்தவரை விட விற்றவர் பெயர் நிலைப்பது தாவரவியலுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று.

இதன் நெருங்கிய உறவினர் நம் ஊர் ரணகள்ளி. இலையைக் கிள்ளிப் போட்ட இடத்தில் கன்று முளைப்பதால் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்றும் சொல்வார்கள். தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளராக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹேய்ன், இந்த இலையைக் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் மென்று பார்த்தார். காலையில் புளித்தது, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசாகக் கசந்தது. இதை 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழ் வெளியிட்டது. இந்தக் குடும்பத்துச் செடிகள் பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு, இரவில் கரியமில வாயுவை உள்ளிழுத்து அமிலமாகச் சேர்த்து வைக்கின்றன என்பது பிற்காலத்தில் விளங்கியது. சுருங்கச் சொன்னால், இவை இரவு ஷிஃப்ட் பார்ப்பவை. (ஹேய்னின் சோதனையை வாசகர் வீட்டில் செய்ய வேண்டாம். இவ்வினத்தில் இதயத்தைத் தாக்கும் நச்சு உண்டு.)

1918இல் வாஷிங்டன் அருகே கார்னர், அல்லார்ட் என்ற இருவர், பூக்க மறுத்த புகையிலைச் செடிகளைத் தினமும் மாலை நான்கு மணிக்கு நாய்க்குடில் போன்றதோர் இருட்டறைக்குள் தள்ளி, மறுநாள் காலை ஒன்பதுக்கு வெளியே எடுத்தார்கள். செடிகள் பூத்தன. பூப்பதற்கும் பகலின் நீளத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1920இல் அச்சில் தந்தார்கள். கலஞ்சோவும் அந்தச் சாதிதான்: நாளுக்குச் சுமார் 12 முதல் 14 மணி நேரம் இடையறாத இருட்டு, ஆறு வாரம், அதன்பின் மொட்டுக்கும் மலருக்கும் மேலும் சில வாரம்.

3. திணைச் சிக்கல்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். செடி வளர்ப்போர் நிலத்தை மட்டும் கவனிக்கிறார்கள்: செம்மண்ணா, மணலா, தொட்டியில் ஓட்டை உண்டா. பொழுதை யாரும் கேட்பதில்லை. காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்ற ஆறு சிறுபொழுதுகளில் எங்கள் ஹாலில் யாமம் கிடையாது. டிவியும் டிவி சார்ந்த இடமுமான அந்நிலத்தில் டியூப் லைட் இரவு பதினொன்றரைக்கு அணைகிறது. பாலுக்காக ஐந்தேகாலுக்கு எரிகிறது.

சென்னையில் மார்கழிப் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். வெளியே இயற்கை தாராளமாகத்தான் இருட்டுகிறது. ஹாலில் இருக்கும் செடிக்கோ ஆண்டு முழுவதும் துருவப் பகுதிக் கோடை. அதன் இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி, வெளிச்சம் பட்டால் ஒரு வடிவம் எடுத்து, நீண்ட இருட்டில் மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அதற்குப் போதிய இருட்டு கிடைத்தால்தான் ‘பூ’ என்ற உத்தரவு இலையிலிருந்து நுனிக்குப் போகும். எங்கள் வீட்டில் உத்தரவு போகும் நேரத்தில் சீரியலில் மாமியார் விஷம் கலந்துகொண்டிருப்பார்.

4. ஊக்குவிப்பாளர் வகைமை

முதலாண்டில் ஹால் தொட்டிக்கு ஊக்கம் அளித்தோர் மூவகையினர். நீரூற்றுவோர்: போகும்போது ஒரு டம்ளர், வரும்போது ஒரு டம்ளர், தண்டு அழுகும்வரை ஓயார். ஊட்டுவோர்: அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு; என் அம்மா இவ்வகையின் தலைவி. உரைப்போர்: “பக்கத்து வீட்டுச் செம்பருத்தியைப் பாரு” என்று செடியிடமே சொல்வோர். மூவகை ஊக்கத்தாலும் இலைகள் மட்டும் பெரிதாயின. குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு பொறுக்கும் சமூகம் கலஞ்சோவுக்குப் பன்னிரண்டு வாரம் தர மறுப்பது தனி ஆய்வுக்குரியது.

5. செய்முறை

இரண்டாம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, ஹால் தொட்டியின் மேல் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தேன். மாலை ஐந்தரைக்கு மூடி, காலை ஏழரைக்குத் திறப்பது. “ஏண்டா, அதுக்கு மூச்சு முட்டாதா?” என்றாள் அம்மா. அது மூச்சு விடுவதே இரவில்தான் என்று ஹேய்னை மேற்கோள் காட்டினேன். பதில் திருப்தி தரவில்லை என்பது இரவு இரண்டு மணிக்குத் தெரிந்தது: அம்மா பாத்ரூம் போகிற வழியில் பெட்டியைத் தூக்கி, செல்போன் டார்ச் அடித்து, உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நடு யாமத்தில் சில நிமிட வெளிச்சம் போதும். நீண்ட இரவு இரண்டு குட்டி இரவுகளாக உடையும், செடி அதுவரை எண்ணியதெல்லாம் வீண்.

நேர்மை கருதி இன்னொன்றையும் பதிவு செய்கிறேன். பெட்டிக்குள் உண்மையிலேயே இருட்டாக இருக்கிறதா என்று இவ்வாய்வாளரும் நான்கு இரவுகள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

6. முடிவுகள்

ஹால் தொட்டி பூக்கவில்லை.

டிவி ஸ்டாண்டில் இடமில்லாததால் இரண்டாம் தொட்டியைச் சின்ன அறையின் கிழக்கு ஜன்னலில் வைத்திருந்தோம். தெருவிளக்கு எட்டாத பக்கம். அந்த அறையின் பல்ப் ஆடி மாதமே ஃபியூஸ் போய்விட்டது. “ஏங்க, அந்த பல்பை எப்பத்தான் மாத்தப் போறீங்க?” என்று மனைவி பதினொரு முறை கேட்டது ஆய்வுக் குறிப்பேட்டில் தேதியுடன் உள்ளது. சாயங்காலம் ஆறுக்கு மேல் அந்த அறைக்குள் யாரும் போவதில்லை; இடித்துக்கொள்வோம் என்ற பயம்.

கார்த்திகை கடைசியில் பழைய துணி எடுக்கப் பகலில் போன மனைவி, இலைகளுக்கு நடுவே கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சை முடிச்சுகளைக் கண்டாள். பொங்கலுக்கு ஜன்னல் முழுக்கச் சிவப்பு.

அம்மா இதைத் தன் அரிசித் தண்ணீரின் பயன் என்கிறாள். அந்தத் தொட்டிக்கும் ரகசியமாக ஊற்றினாளாம். தரவுகள் வேறு சொல்கின்றன. இருபத்துநான்கு மணி நேரமும் கவனிக்கப்பட்ட செடி பூக்கவில்லை. மறக்கப்பட்ட செடி பூத்தது. ஆகவே ஐந்து மாதச் சோம்பல் எனத் தூற்றப்பட்டது, உண்மையில் நீண்டகால இருட்டுச் சோதனை என்று இக்கட்டுரை நிறுவுகிறது.

இந்த முடிபை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் மறுப்புரை ஏதும் சொல்லாமல், மேசை இழுப்பறையிலிருந்து புது பல்பை எடுத்துக் கையில் வைத்தாள். பூ உதிர்ந்த மறுநாள் மாட்டிவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். கலஞ்சோ பூ ஆறு வாரமாவது நிற்கும் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.