சில்லறைச் சாமான்

எங்கள் தெருவில் யாருக்காவது சுவரில் ஓட்டை போட வேண்டுமென்றால் முதலில் என் வீட்டு மணிதான் அடிக்கும். என்னைக் கூப்பிட அல்ல. டிரில்லிங் மெஷினை இரவல் கேட்க. வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் ஷெல்ஃப் நிற்கிறது, சாமி படம் நிற்கிறது. அதே மெஷின் என் வீட்டில் போட்ட ஓட்டைகளை மட்டும் காலண்டர் மாட்டி மூடி வைத்திருக்கிறேன். “என்ன சார், ரூமுக்கு ஒரு காலண்டரா?” என்று வருகிறவர்கள் கேட்டால், நாள் நட்சத்திரம் பார்க்கிற குடும்பம் என்று சமாளித்துவிடுவேன்.

மெஷின்மேல் பழி போட வழியில்லை. அதை நான் மாதக்கணக்கில் யோசித்து, நாலு கடை ஏறி இறங்கி வாங்கினேன். அதன் மூக்கில் மாட்டும் பிட்டையும், ஓட்டைக்குள் போகிற பிளக்கையும் பற்றி மட்டும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. என் வீட்டு மராமத்துச் சரித்திரம் மொத்தமும் இவ்வளவுதான்: ஆயிரக்கணக்கில் கொடுத்தது ஒழுங்காக வேலை செய்யும், சில்லறைச் சாமானில் சறுக்கிவிடுவேன்.

முதல் சறுக்கல் ஸ்க்ரீன் மாட்டுகிற கம்பியில். பெட்டியில் பளபளவென்று முறுக்கிக்கொண்டிருந்த பிட்டை எடுத்து ஜன்னலுக்கு மேலே வைத்து அழுத்தினேன். அது இரும்பையும் மரத்தையும் துளைக்கிற பிட். ஜன்னலுக்கு மேலே இருப்பதோ செங்கல்கூட இல்லை. கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் லிண்டல்.

“ஏங்க, புகை வருது.”

“கான்கிரீட்டுன்னா அப்படித்தான் வரும்.”

பிட்டின் நுனி நீலம் பாரித்து மொட்டையாகியிருந்தது. சுவரில் ஒரு மிளகு உட்காரும் அளவுக்குப் பள்ளம். சுவருக்கென்று வேறு பிட் உண்டு. நுனியில் கார்பைடு துண்டு பற்றவைத்து, தண்டைவிட ஒரு இழை அகலமாக இருக்கும். அதை வாங்கி வந்தும் துளை நகரவில்லை. மெஷினை இரவல் வாங்க வந்த எதிர்வீட்டுப் பையன் எட்டிப் பார்த்து, “அங்கிள், ஹேமர்ல போடலையா?” என்றான். மெஷின் தலையில் சுத்தியல் படம் போட்டு ஒரு விசை இருக்கிறது. அந்தப் பக்கம் தள்ளினால் பிட் சுற்றிக்கொண்டே தட்டவும் செய்யும். கான்கிரீட்டைப் பொடியாக்குவது அந்தத் தட்டுதான். அந்தப் படத்தை, சுத்தியலால் அடிக்கக்கூடாது என்ற எச்சரிக்கை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்தது பிளக். ஸ்க்ரூவை வெறும் ஓட்டையில் ஏற்றினால் செங்கல் உதிர்ந்து கொடுத்துவிடும். உள்ளே விரிந்து சுவரை இறுக்கிப் பிடிக்க ஒன்று வேண்டும். முன்பெல்லாம் உளியால் சதுரமாகக் கொத்தி, மரக்கட்டை இறக்கி, சுற்றிலும் சிமெண்டு பூசி, அது காய்ந்த பிறகுதான் ஆணி அடிப்பார்கள். லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் சணல் நாரில் சின்னக் குழல் செய்து 1911-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1958-ல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் செய்தார். இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை நான் இரண்டு தீக்குச்சியைச் சொருகி முடித்தேன். முகம் பார்க்கும் கண்ணாடி அன்று ராத்திரியே கீழே வந்தது.

அண்ணாச்சி கடைக்குப் போய் ஒரு கை பிளக் அள்ளி வந்தேன். அளவு பார்க்கவில்லை. 6 மி.மீ. ஓட்டையில் 8 மி.மீ. பிளக்கைச் சுத்தியலால் அடித்தேன். பாதியில் தலை நசுங்கி நின்றது. ஓட்டையை 8-க்குப் பெரிதாக்கிவிட்டுப் பார்த்தால், கையில் மிச்சம் இருந்தது 6 மி.மீ. பிளக். ஸ்க்ரூவைத் திருகத் திருக அதுவும் கூடவே சுற்றியது. ஒரு மணி நேரம் திருகியிருந்தாலும் சுற்றிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

சரியான ஜோடி கிடைத்த பிறகும் ஆழம் ஏமாற்றியது. மேல்பூச்சு ஏறக்குறைய 12 மி.மீ.; பிளக் அதைத் தாண்டிச் செங்கலில் உட்கார வேண்டும். நான் போட்ட ஓட்டை பூச்சோடு நின்றதால், ஸ்க்ரூவோடு பூச்சும் ஒரு தட்டளவு பெயர்ந்து வந்தது. பிளக் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட அளந்து, பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டால் போதும். அதையும் செய்தேன். பிறகு உள்ளே இருக்கும் தூளை வெளியேற்ற, ஓட்டைக்கு நேராக முகத்தை வைத்து ஊதினேன். அன்று சாயங்காலம் கண் ஆஸ்பத்திரியில் கழிந்தது.

சுவரை விட்டுவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் வந்தேன். சொட்டிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றி, அதன் மரையை ஸ்கேலில் அளந்தேன்: 21 மி.மீ. ஓர் இஞ்சுக்கு 25.4 மி.மீ., ஆக 0.83 இஞ்ச். படித்தவன் அல்லவா, கணக்கு சுத்தமாக வந்தது. “முக்கால் இஞ்ச் குழாய் ஒண்ணு.”

“அரை இஞ்ச் இல்லையா சார்? வீட்டுக்கெல்லாம் அதானே போகும்?”

“அளந்துட்டுத்தான் வர்றேன்.”

அரை இஞ்ச் குழாயின் மரைதான் வெளியே 21 மி.மீ. இருக்கும். அரை என்பது அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள்துவாரத்தை வைத்து வந்த கணக்கு. ஸ்கேல் வைத்தால் எந்தப் பக்கமும் அரை வராது. முக்கால் இஞ்சின் மரை 26 மி.மீ.க்கு மேல். சுவரின் வாயில் அது நுழையவே மறுத்தது. மாடித் தொட்டி வால்வை அடைத்திருந்தேன். குளியலறையில் தலை நிறையச் சீயக்காயோடு மாமியார். “மாப்பிள்ளை, தண்ணி எப்ப வரும்?” என்ற குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

ஓடிப்போய் மாற்றி வந்து, டெஃப்லான் டேப் சுற்றி முடுக்கினேன். சொட்டியது. இன்னும் கொஞ்சம் சுற்றினேன். இன்னும் அதிகமாகச் சொட்டியது. மரை நம் முகத்தைப் பார்த்திருக்கும்படி குழாயைப் பிடித்துக்கொண்டு, கடிகார முள் போகிற பக்கமாகச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால், முடுக்கும்போது டேப் பிரிந்து சுருண்டு வெளியே வந்துவிடும். ப்ளம்பர் இதைச் சொல்லிக்கொண்டே, பேச்சை முடிப்பதற்குள் வேலையை முடித்திருந்தார். கூலி வாங்கும்போது என் பெட்டியைப் பார்த்து, “சாமான் எல்லாம் நல்ல சாமானா வெச்சிருக்கீங்க சார்” என்றார். பாராட்டா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது தெளிந்துவிட்டேன். கழற்றிய பழைய சாமானைக் கையோடு கடைக்குக் கொண்டுபோகிறேன். பிளக்கும் பிட்டும் ஒரே எண்ணா என்று பார்த்துத்தான் வாங்குகிறேன். போன வாரம் அண்ணாச்சி கடையில் வாஷர் வாங்கப் போனபோது, கண்ணாடி அலமாரியில் புதிதாக ஒரு கட்டிங் மெஷின் உட்கார்ந்திருந்தது. விலை கேட்டேன்.

“எதை அறுக்கப்போறீங்க சார்? டைல்ஸா, இரும்பா? அதுக்குத் தகுந்த பிளேடு போடணும்.”

“பிளேடு கிடக்கட்டும் அண்ணாச்சி. முதல்ல மெஷினைக் காட்டுங்க.”