டவர் ஃபுல்லா இருக்கு, நெட் மட்டும் வரலை!

இந்த முறை வந்த கடிதங்களில் ஒரே புலம்பல்: போன் புதுசு, தலைவலி பழசு. நெட் இல்லையென்றால் இன்று வேலை இல்லை, வரவு இல்லை, சில வீடுகளில் படிப்பும் இல்லை. அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டோம்.

கேள்வி: புது போன் வாங்கி ஒரு வாரம்தான் ஆச்சு. டவர் கோடு எல்லாம் முழுசா நிக்குது. ஆனா எதைத் தொட்டாலும் சுத்திக்கிட்டே இருக்கு. கடையில திருப்பிக் கொடுத்துடலாமா?
– தையல்கடைக்காரர், செல்லூர், மதுரை

பதில்: கடைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு பஞ்சாயத்து வைத்துவிடுங்கள். உங்கள் சிம்மைக் கழற்றி வீட்டில் உள்ள வேறு போனில் போடுங்கள். வேறு கம்பெனி சிம் ஒன்றை வாங்கி உங்கள் புது போனில் போடுங்கள். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இரண்டையும் சோதியுங்கள். உங்கள் சிம் அந்தப் போனிலும் மக்கர் செய்தால் போன் நிரபராதி. சிம், பேக், டவர் மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி. எந்த சிம்மைப் போட்டாலும் உங்கள் போன் மட்டும் திணறினால் போன்தான். பில்லை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போங்கள். மாற்றித் தரும் கெடு சில நாள்தான் இருக்கும், "இன்னும் ரெண்டு நாள் பாருங்க" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம்.

உங்கள் சிம் அந்தப் போனில் ஓடுகிறது, அந்த வேறு கம்பெனி சிம் உங்கள் போனில் ஓடுகிறது, உங்கள் சிம்மும் உங்கள் போனும் சேர்ந்தால் மட்டும் வம்பு என்றால், ஏபிஎன் பக்கத்தைப் பாருங்கள். போன் எந்த வாசல் வழியாக இன்டர்நெட்டுக்குள் போக வேண்டும் என்று சொல்லும் பெயர் அது. புது போனில் சிம்மைப் போட்டதும் தானாக வந்துவிட வேண்டும். சில நேரம் வராது, சில நேரம் வேறு ஏதாவது வந்து உட்கார்ந்துவிடும். செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க், அதற்குள் 'ஆக்சஸ் பாயின்ட் நேம்ஸ்'. ஜியோவுக்கு ஜியோநெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். அடிக்கத் தயக்கமாக இருந்தால் அதே பக்கத்து மெனுவில் 'ரீசெட் டு டிஃபால்ட்' இருக்கும், அதைத் தொட்டாலே பெரும்பாலும் போதும்.

அந்த டவர் கோடுகளை நம்பி ஏமாறாதீர்கள். கோடு முழுசாக இருந்தால் குழாய் இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் வருகிறது என்று அர்த்தம் இல்லை. டவரிலிருந்து வரும் அலையின் பலத்தைத்தான் அது காட்டுகிறது. அதே டவரில் இன்னும் எத்தனை பேர் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டாது. இரவு எட்டு மணிக்கு ஒருமுறை, விடிகாலை ஐந்து மணிக்கு ஒருமுறை வேகம் பாருங்கள். விடிகாலையில் பறந்தால் உங்கள் தெருவில் டவருக்குக் கூட்டம் அதிகம். எந்த போன் வாங்கினாலும் அது மாறாது.

கேள்வி: புது போன் வாங்கின நாள்லேருந்து மதியம் ஆனா நெட் படுத்துக்குது. ராத்திரி 12 மணி தாண்டினா தானா எழுந்துக்குது. ஹாஸ்டல்ல பேய்னு சொல்றாங்க!
– கல்லூரி மாணவி, விருதுநகர்

பதில்: பேய் இல்லை தங்கச்சி, பேக்! ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருப்பீர்கள். அது தீர்ந்ததும் நெட் அறுந்துவிடாது. வேகம் 64 கேபிபிஎஸ்ஸாக இறங்கிவிடும். அந்த வேகத்தில் 4 எம்பி போட்டோ ஒன்று வந்து சேர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். பார்க்கிறவர்களுக்கு போன் கெட்டுப்போன மாதிரிதான் தெரியும். நள்ளிரவில் புதுக் கணக்கு தொடங்கியதும் எழுந்துகொள்கிறது.

புது போனில் இது ஏன் அதிகம் நடக்கிறது? முதல் சில நாள் அது உங்களுக்குத் தெரியாமல் ஓயாமல் வேலை செய்கிறது. சிஸ்டம் அப்டேட், ஒவ்வொரு ஆப்புக்கும் அப்டேட், பழைய வாட்ஸ்அப் சாட் திரும்ப இறங்குவது, போட்டோ மேலே ஏறுவது என்று எல்லாமே உங்கள் ஒன்றரை ஜிபியில்தான். கல்லூரி வைஃபையில் ஒரு சாயங்காலம் போனைப் போட்டுவைத்து இதையெல்லாம் முடியவிடுங்கள். பிறகு பிளே ஸ்டோரில் ஆப் அப்டேட்டை 'வைஃபை மட்டும்' ஆக்குங்கள், போட்டோ பேக்கப்பில் மொபைல் டேட்டாவை அணையுங்கள், வாட்ஸ்அப்பில் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். மதியப் பேய் அன்றோடு ஓடிவிடும்.

கேள்வி: ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்தா நெட் வந்துடுதே, அதுல என்ன மந்திரம்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

பதில்: போன் டவரின் கையை விட்டுவிட்டு மறுபடி பிடிக்கிறது, ஐயா. முன்பு பிடித்திருந்தது தூரத்து டவராக இருந்தால், இப்போது பக்கத்து டவர் கிடைத்துவிடும். எப்போதாவது என்றால் சரி. தினமும் செய்ய வேண்டியிருந்தால் சிம்மைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: ஒரு சிம்ல சவாரி ஆப், இன்னொரு சிம்ல கஸ்டமர் கால். கால் வந்ததும் மேப் நின்னுடுது, தப்பான ரோட்டுல போயிடறேன். ரேட்டிங் அடி வாங்குது.
– ஆட்டோ ஓட்டுநர், கோயம்புத்தூர்

பதில்: அண்ணே, இது போனின் கோளாறு இல்லை, அமைப்பே அப்படி. பெரும்பாலான இரட்டை சிம் போன்கள் இரண்டு சிம்மையும் விழித்திருக்க வைக்கும். ஆனால் ஒன்று பேசத் தொடங்கினால் மற்றது காத்திருக்க வேண்டும். டேட்டா ஓடும் சிம் ஒன்று, கால் வரும் சிம் வேறு என்றால் பேசும் நேரம் முழுக்க மேப் நிற்கும்.

எளிய வழி, சவாரி ஆப்பில் கொடுத்த எண்ணும் டேட்டாவும் ஒரே சிம்மில் இருக்கட்டும். அந்த சிம்முக்கு வோல்டி, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, கட்டாயம் இயக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கால் வரும்போது போன் 2ஜிக்கு இறங்கிவிடும், நெட் போய்விடும். இரண்டு எண்ணும் வேண்டும் என்றால் சிம் செட்டிங்ஸில் 'அழைப்பின்போது டேட்டா மாற்று' என்ற பொருளில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைப் போட்டால் கால் நடக்கும் சிம்மிலேயே நெட்டும் ஓடும். ஆனால் அந்த சிம்மிலும் பேக் இருக்க வேண்டும். இன்னொன்றும் செய்துவைத்துக்கொள்ளுங்கள்: கூகுள் மேப்பில் கோவை முழுவதையும் ஆஃப்லைனாக இறக்கிவிடுங்கள். நெட் செத்தாலும் காந்திபுரத்திலிருந்து சிங்காநல்லூருக்கு வழி சொல்லும். உங்கள் பிழைப்பு ரேட்டிங்கில் தொங்குகிறபோது இதை வண்டிக்கு ஸ்டெப்னி வைத்திருப்பதுபோலக் கட்டாயமாக்குங்கள்.

கேள்வி: 5ஜி போன்னு கூடுதல் காசு கொடுத்தேன். மொட்டை மாடியில் பறக்குது, ரூமுக்குள்ள வந்தா 5ஜி வருது போகுது. போன் சூடு வேற.
– ஐடி ஊழியர், பெரும்பாக்கம், சென்னை

பதில்: இங்கே 5ஜி பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வருகிறது. அலைவரிசை ஏற ஏற வேகம் கூடும், சுவரைத் துளைக்கும் பலம் குறையும். கான்கிரீட் சுவருக்குள் 5ஜி, 4ஜி என்று போன் மாறி மாறித் தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் நெட் ஒரு கணம் திக்குகிறது, பேட்டரி உருகுகிறது, போன் சுடுகிறது. வீட்டுக்குள் 4ஜிக்கு மாற்றி வையுங்கள். நிலையான 4ஜி, ஊசலாடும் 5ஜியைவிட நூறு மடங்கு மேல். 'அன்லிமிடெட் 5ஜி' பேக்கிலும் இதைக் கவனியுங்கள்: 5ஜியில் ஓடும்வரைதான் அன்லிமிடெட். 4ஜிக்கு இறங்கினால் தினசரி கணக்கில் கழியும்.

கேள்வி: வேலைக்காக பெங்களூரு வந்தேன். பேச்சு வருது, நெட் வரலை.
– செவிலியர், திருவண்ணாமலை

பதில்: டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள். அன்லிமிடெட் பேக்கில் இந்தியாவுக்குள் அதற்குத் தனிக் காசு இல்லை, பயப்பட வேண்டாம்.

கேள்வி: பல வருஷமா ஒரே சிம். புது போனுக்குச் சின்ன சிம் வேணும்னாங்க, கடையில வெட்டிக் கொடுத்தாங்க. அதுலேருந்து "சிம் இல்லை"ன்னு அடிக்கடி காட்டுது. நம்பரை விட மனசில்லை.
– நெசவாளர், சென்னிமலை

பதில்: நம்பரை விடவே வேண்டாம் ஐயா, சிம்மை மட்டும் விடுங்கள். வெட்டிய சிம் தட்டில் சரியாகப் படியாது. ஒரு அசைவில் தொடர்பு அறும். அதோடு, அந்தக் காலத்து சிம் 4ஜிக்குத் தயாரானதாகவும் இருக்காது. ஆதாரோடு கம்பெனியின் சொந்த மையத்துக்குப் போய் அதே எண்ணுக்குப் புது சிம் வாங்குங்கள்.

போவதற்கு முன் இரண்டு விஷயம். புது சிம் உயிர்பெற்றபின் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் ஓடாது, அதனால் ஓடிபி வராது. கூலி பட்டுவாடா நாளாகப் பார்த்துப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். கம்பெனி மாறும் எண்ணம் இருந்தால் ஏழு நாள் கழித்துத்தான் முடியும். 2024 ஜூலையிலிருந்து அதுதான் விதி. இரண்டுமே உங்கள் பாதுகாப்புக்கு வந்தவை. யாரோ உங்கள் பெயரில் சிம் வாங்கி வங்கிக் கணக்கைத் துடைத்துவிடாமல் தடுக்கத்தான். "சிம்மை 5ஜி ஆக்கித் தர்றோம், வர்ற நம்பரைச் சொல்லுங்க" என்று எவராவது போனில் கேட்டால் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அண்ணன் ஐபோன் அனுப்பினான். சிம் போடவே இடம் இல்லை! ஓட்டையைத் தேடித் தேடி அலுத்துட்டோம்.
– இல்லத்தரசி, காரைக்குடி

பதில்: தேடாதீர்கள், கிடைக்காது. 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் தட்டே கிடையாது, எல்லாம் இசிம், அதாவது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம். முதலில் செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் போய் 'கேரியர் லாக்' வரியைப் பாருங்கள். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் அங்கே தவணை பாக்கி இருக்கலாம். பூட்டைத் திறக்க அமெரிக்கக் கம்பெனியால் மட்டுமே முடியும், அண்ணன்தான் கேட்க வேண்டும். திறந்திருந்தால் உங்கள் எண்ணை இங்குள்ள கம்பெனி ஆப்பிலோ மையத்திலோ இசிம்மாக மாற்றலாம். அந்த நேரம் ஐபோன் வைஃபையில் இருக்க வேண்டும். பிறகு அந்த இசிம்மை விளையாட்டுக்குக்கூட 'டெலீட்' செய்யாதீர்கள். மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டிவரும்.

கேள்வி: சீல் பிரிக்காத போன்னு சொல்லிப் பாதி விலைக்குக் கொடுத்தாங்க. சில நாள் கழிச்சு நெட், பேச்சு ரெண்டும் போச்சு. எந்த சிம் போட்டாலும் அதே கதை.
– டெலிவரி ஊழியர், ஓசூர்

பதில்: *#06# அடித்து வரும் 15 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து வேறு போனிலிருந்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தடை செய்யப்பட்டது என்று பதில் வந்தால் அது திருட்டுப் போனாக இருக்கலாம். நாட்டின் எந்த நெட்வொர்க்கிலும் ஓடாது. ரிப்பேர் கடையில் எண்ணை மாற்றித் தருகிறேன் என்பார்கள். அது சிறை தண்டனைக்குரிய குற்றம். போலீசில் விற்றவர் விவரத்தோடு புகார் கொடுங்கள். போன் வாங்கும் எல்லோரும் காசை நீட்டும் முன்பே இந்த எஸ்எம்எஸ்ஸை அனுப்பிவிட வேண்டும்.

கேள்வி: விடிகாலைச் சந்தையில் எல்லோரும் ஜிபே. புது போன் வாங்கியும் அந்தக் கூட்டத்துல நெட் வராது. பணம் வந்துச்சான்னு தெரியாம பூவைக் கட்டிக் கொடுத்துடறேன். ஏமாந்துட்டும் இருக்கேன்.
– பூ வியாபாரி, தோவாளை

பதில்: அக்கா, உங்கள் கணக்கில் பணம் ஏறுவதற்கும் உங்கள் போனில் நெட் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. வாடிக்கையாளர் போனில் நெட் இருந்தால் போதும், பணம் வந்துவிடும். வந்த செய்திதான் உங்களுக்குத் தெரியவில்லை. அதற்கு நல்ல தீர்வு பேசும் பெட்டி. அதற்குள் தனி சிம் இருக்கிறது, உங்கள் போன் முடங்கினாலும் அது சொல்லும். வாங்கும் முன் உங்கள் சந்தை இடத்தில் எந்தக் கம்பெனி நன்றாக எடுக்கிறது என்று பக்கத்துக் கடைகளில் கேளுங்கள், அந்த சிம் போட்ட பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். சிறு தொகைக்கு எல்லா வங்கியும் எஸ்எம்எஸ் அனுப்புவதில்லை, அதை நம்ப முடியாது. வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பவே கூடாது. பெட்டி பேசாதவரை பூவைக் கையில் கொடுக்காதீர்கள். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். இரவெல்லாம் விழித்துச் சம்பாதிக்கிற காசு அது.

கேள்வி: எஸ்டேட் லயத்துல இருக்கோம். பிஎஸ்என்எல் மட்டும்தான் எடுக்கும். புது 4ஜி போன் வாங்கியும் 2ஜிதான் காட்டுது.
– தேயிலைத் தொழிலாளி, வால்பாறை

பதில்: சிம் 4ஜி சிம்தானா என்று முதலில் பாருங்கள், பழசென்றால் மாற்றுங்கள். அடுத்து போன் டப்பாவில் பேண்ட் 28, பேண்ட் 1 என்ற இரண்டும் இருக்கிறதா பாருங்கள். பிஎஸ்என்எல் 4ஜி 700, 2100 மெகாஹெர்ட்ஸில் வருகிறது, அவற்றின் பெயர்தான் அவை. மலையில் 700தான் தெய்வம். தூரம் போகும், வளைவு நெளிவில் தாக்குப்பிடிக்கும். பேண்ட் 28 இல்லாத போனை மலையில் இருப்பவர்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்து 2ஜிதான் வருகிறது என்றால் உங்கள் டவர் இன்னும் 4ஜிக்கு மாறவில்லை. அதை அடுத்த பதிலில் சொல்கிறபடி கேளுங்கள்.

கேள்வி: எல்லாம் சோதிச்சாச்சு, டவர்தான் கோளாறு. யார்கிட்ட முட்டிக்கிறது?
– மளிகைக்கடைக்காரர், அறந்தாங்கி

பதில்: சுவரில் முட்ட வேண்டாம், 198இல் முட்டுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். அது இல்லாத புகார், புகாரே இல்லை. பதில் திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம், கட்டணம் இல்லை, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு ஆப்பில் வேகத்தை அளந்து வைத்திருந்தால் பேச்சுக்குப் பலம். தெருவில் உள்ளவர்களும் தனித்தனியாகப் புகார் கொடுக்கட்டும். டவர் முன்னுரிமைப் பட்டியலில் ஒரு புகாரைவிடப் பல புகார்கள் கண்ணில் படும்.

இன்னொரு உரிமை பலருக்குத் தெரியாது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த டிராய் விதிப்படி, ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் போஸ்ட்பெய்டுக்கு வாடகையில் கழிவு, ப்ரீபெய்டுக்குக் கூடுதல் வேலிடிட்டி நாள் தர வேண்டும். புயல் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு இது பொருந்தாது.

கேள்வி: 'நெட்வொர்க் ரீசெட்' பண்ணினா பேத்தி போட்டோ எல்லாம் போயிடுமா?
– பாட்டி, மயிலாடுதுறை

பதில்: ஒன்றுகூடப் போகாது பாட்டி! சேமித்த வைஃபை பாஸ்வேர்டு, ப்ளூடூத் இணைப்பு போன்ற நெட்வொர்க் அமைப்புகள்தான் அழியும். பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதிவைத்துவிட்டு தைரியமாக அமுக்குங்கள். 'ஃபேக்டரி ரீசெட்' என்று வேறொன்று பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொட வேண்டாம்.