முற்றின மூளையில் வீணை

கே: 55 வயதில் வீணை கற்கப் போகிறேன். "முற்றின மூளையில் ஏறுமா?" என்கிறார் மனைவி. ஏறுமா, சார்?
- ஒரு வாசகர், திருவையாறு

ப: தஞ்சாவூர் வீணையையே முற்றின பலாமரத்தில்தான் கடைகிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். நரம்பு வாத்தியம் வாசிப்பவர்களுக்கு மூளையில் இடது கை விரல்களுக்கான இடம் பெருத்திருப்பதாக 1995-ல் ஒரு ஜெர்மன் ஆய்வு காட்டியது. ஆனால், சின்ன வயதில் தொடங்கியவர்களுக்கே அது கூடுதல். அம்மையார் சொன்னதிலும் பாதி நியாயம்!

நம் வயதில் மூளையைப் பழக்குவது வாய்க்கால் தூர்வாரும் வேலை. கருவிலோ ஆறே தடம் வெட்டுகிறது. கரு உண்டாகி 28 நாளுக்குள், மூளைக்கு அடித்தளமான நரம்புக்குழாய் மூடியாக வேண்டும், பெரும்பாலும் தாய்க்கே சேதி தெரியுமுன். ஃபோலிக் அமிலத்தை முன்கூட்டியே தொடங்கச் சொல்வது அதனால்தான்.

மேட்டூர் தாமதமானால் குறுவை போச்சு என்போமே, பார்வைக்கும் அப்படித்தான் என்று நெடுநாள் நம்பினார்கள். நரம்பியல் ஆய்வாளர் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டத்தில், பிறவிக் கண்புரையோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு 8 வயது தாண்டியும் டெல்லியில் அறுவை செய்தார்கள். கூர்மை முழுதாக வரவில்லை. ஆனாலும் பார்க்கப் பழகினார்கள். குறுவை போனாலும் சம்பா உண்டு.

நீங்கள் தைரியமாகத் தொடங்குங்கள். பக்கத்து வீட்டாரின் மூளை வளைந்துகொடுக்கிறதா என்று மட்டும் முதல் மாதம் கவனியுங்கள்.