பெருவெடிப்புக்குப் பிள்ளையார் சுழி போட்டது யார்?

ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் ஒரு சமய வகுப்பில் கிளம்பிய வாக்குவாதம், பெர்ணம் ஆற்றைத் தாண்டிச் சபாக் பெர்ணம் வரை போய், கேள்விகளாக என் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அண்டம் தோன்றியதே ஆண்டவன் இருப்பதற்குச் சாட்சியா என்பதுதான் வழக்கு. இந்த முறை வேறு எதற்கும் இடமில்லை.

கே: காலையில் பள்ளிச் சபைகூடலில் தேசியக் கோட்பாட்டின் முதல் வரியாக ‘இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்’ என்கிறோம். இரவில் யூடியூப்பில் பெருவெடிப்பு பார்க்கிறேன். எதை நம்புவது, ஐயா? (படிவம் நான்கு மாணவி, ஹுத்தான் மெலிந்தாங்)

ப: இரண்டுக்கும் சண்டை மூட்டிவிடாதே, அம்மா. தேசியக் கோட்பாடு 1970 ஆகஸ்டு 31இல் பிரகடனமானது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு மக்களை ஒன்றுசேர்க்க எழுதியது அது; அண்டத்தின் வயதைச் சொல்ல எழுதியதல்ல. பெருவெடிப்புக் கொள்கை சொல்வது இது: ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் நாம் காணும் அண்டம் முழுதும் கடும் சூட்டோடும் நெருக்கத்தோடும் இருந்தது; அன்றிலிருந்து விரிந்து ஆறிக்கொண்டே வருகிறது. விண்மீன் மண்டலங்கள் விலகிப் போவதும், ஹைட்ரஜன், ஹீலியம் இரண்டின் அளவும், வானமெங்கும் பரவிக் கிடக்கும் பழைய சூட்டின் மிச்சமும் இதற்குச் சான்று. ஆனால் அந்த முதல் கணத்தையே கணக்குப் போட்டுக் காட்டும் கொள்கை இயற்பியலிடம் இன்னும் இல்லை. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையும் குவாண்டம் கொள்கையும் அங்கே ஒத்துப்போக மறுக்கின்றன. பரீட்சையில் 1,380 கோடி என்றே எழுது. சபைகூடலில் வாய்திறந்தே சொல்.

கே: பெருவெடிப்பைச் சொன்னவரே ஒரு பாதிரியாராமே? பைபிளிலிருந்து எடுத்ததா? (இல்லத்தரசி, தெலுக் இந்தான்)

ப: பாதிரியார்தான், அம்மா. ஜார்ஜ் லெமைத்ர், பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கர். எடுத்தது பைபிளிலிருந்து அல்ல, ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து. 1927இல் அண்டம் விரிகிறது என்று எழுதினார். 1931இல் எல்லாமே ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றார். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், படைப்பு நடந்ததற்கு இன்றைய அறிவியல் சாட்சி சொல்கிறது என்ற பொருளில் பேசினார். குருவானவரான லெமைத்ர் இதைக் கேட்டுக் குளிர்ந்திருக்க வேண்டும். அவரோ சங்கடப்பட்டார். ஆத்திகரும் நாத்திகரும் ஒரேபோல ஆராய வேண்டிய கொள்கை இது, சமயத்துக்கு இதில் வழக்கில்லை என்பது அவர் நிலை. வத்திக்கானில் உரியவர்களிடம் எடுத்தும் சொன்னார். அடுத்த ஆண்டு ரோமில் வானியலாளர்கள் முன் பேசியபோது போப் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கடவுளை நம்பிய ஒருவர், தன் கணக்கைக் கடவுளுக்கு ஜாமீன் நிற்க விடவில்லையே, அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கே: சுவிட்சர்லாந்து ஆராய்ச்சிக்கூடத்தில் நடராசர் சிலை இருக்கிறது, சிவதாண்டவத்தில்தான் உலகம் பிறந்தது என்று விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று புலனத்தில் வந்ததே? (வாசகர், பாகான் டத்தோ)

ப: சிலை உண்மை, ஒப்புதல் பொய். ஜெனீவா அருகே செர்ன் வளாகத்தில் நிற்கும் இரண்டு மீட்டர் உயர நடராசர், இந்திய அரசாங்கம் கொடுத்த அன்பளிப்பு. 2004 ஜூன் 18இல் திறந்துவைத்தார்கள். துகள்களின் ஓயாத இயக்கத்துக்கு அந்த ஆட்டம் அழகாகப் பொருந்துகிறது. பொருத்தம் வேறு, நிரூபணம் வேறு. சோழநாட்டு ஸ்தபதிகள் வார்த்துத் தந்த அந்த உருவத்துக்கு எந்தச் சோதனைக்கூடத்தின் சான்றிதழும் வேண்டாம். அடுத்த குழுவுக்குத் தட்டிவிடுமுன் கொஞ்சம் பொறுங்கள்.

கே: அப்படியானால் நம் சைவ சித்தாந்தம் என்ன சொல்கிறது? (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, ஜெண்டராட்டா)

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், ஐயா. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் இருந்த மெய்கண்டார் சிவஞானபோதம் செய்தார். பன்னிரண்டே சூத்திரம். முதல் சூத்திரத்திலேயே இந்த வழக்கைத்தான் எடுக்கிறார். அவன், அவள், அது என்று சுட்டிக்காட்டக்கூடிய எல்லாம் தோன்றி, நின்று, ஒடுங்குகின்றன; தாமாக அப்படி நடவா; நடத்துபவன் ஒருவன் வேண்டும்; ஒடுக்கியவனே மறுபடி தோற்றுவிக்கிறான். இதுதான் வாதம்.

வெறுமையிலிருந்து உலகைப் படைத்தான் என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகத்துக்கு மாயையே மண், சத்தியே சக்கரம், சிவனே குயவன். மாயைக்கும் தொடக்கமில்லை, உயிர்களுக்கும் தொடக்கமில்லை. ஆகவே சித்தாந்திக்கு ‘முதல் நாள்’ என்று ஒன்று தேவையே இல்லை. பெருவெடிப்புக்கு முன்னும் ஏதோ இருந்தது என்று நாளை நிறுவினாலும் மெய்கண்டாருக்கு நட்டமில்லை. பெருவெடிப்பைக் காட்டி நாம் மேளம் கொட்டினால் அவருக்கு லாபமும் இல்லை.

குயவனைக் கண்ணால் கண்டோம், உலகத்தைச் செய்தவனை யார் கண்டது, பொருள் தன் இயல்பாலேயே ஏன் மாறக்கூடாது என்று எதிர்த்தரப்பு கேட்கும். கனமான கேள்வி, பழைய கேள்வியும்கூட. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பெரும்பகுதியையே ஒதுக்கி, உலகாயதர், பௌத்தர், சமணர் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்த பிறகே மறுத்தார். கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித் தருகிறோம், நல்லது. பதினைந்து வயதானதும் இந்தப் பரபக்கத்தையும் அவர்கள் கையில் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கேள்வி கேட்ட பிள்ளையைச் ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று உட்காரவைப்பது அருணந்தியின் வழியல்ல.

கே: என் படகுக் கூட்டாளி மலாய்க்காரர். ‘தொடக்கம் உள்ளதற்கெல்லாம் காரணம் உண்டு, உலகத்துக்குத் தொடக்கம் உண்டு’ என்கிறார். நான் என்ன சொல்ல? (மீனவர், ஹுத்தான் மெலிந்தாங்)

ப: நல்ல கூட்டாளி கிடைத்திருக்கிறார், அண்ணே. அது 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி வலியுறுத்திய வாதம். இன்று நாம் காணும் விரிவுக்குத் தொடக்கம் உண்டு என்பது உறுதி. இருப்பது அனைத்துக்கும் அதுவே தொடக்கமா என்பது இன்னும் உறுதியாகவில்லை. பதிலுக்கு நீங்கள் மெய்கண்டாரைச் சொல்லுங்கள். வலை இழுக்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

கே: பெருவெடிப்பு வந்ததும் கடவுளுக்கு வேலை போய்விட்டது. இதை ஒப்புக்கொள்ள ஏன் தயக்கம்? (பகுத்தறிவு அன்பர், ஈப்போ)

ப: தம்பி, உங்கள் ஊரில் 1929 டிசம்பரில் தமிழர் மாநாட்டைத் தொடங்கிவைத்தவர் பெரியார். அதே 1929இல்தான் விண்மீன் மண்டலங்களின் தொலைவுக்கும் அவை விலகும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை வானியலாளர் ஹப்பிள் வெளியிட்டார். பெரியார் அதற்காகக் காத்திருக்கவில்லை. கடவுள் பெயரால் மனிதனை மனிதன் ஏன் தாழ்த்த வேண்டும் என்ற அவர் கேள்விக்குத் தொலைநோக்கியின் துணை வேண்டியதில்லை.

வானியலாளர் பிரெட் ஹாயிலின் கதையையும் கேளுங்கள். தொடக்கம் என்றாலே அவருக்குச் சமய வாடை அடித்தது. 1948இல் தொடக்கமே இல்லாத நிலைத்த அண்டத்தை முன்வைத்தார். ‘பெருவெடிப்பு’ என்ற பெயரை 1949இல் வானொலியில் சூட்டியவரும் அவரே. நம் ஜெயந்த் நார்லிகர் அவர் மாணவர். ஆனால் வானத்தில் கிடைத்த சான்று ஹாயிலின் பக்கம் நிற்கவில்லை. கடவுள் வேண்டும் என்ற ஆசையானாலும் வேண்டாம் என்ற ஆசையானாலும் கணக்கில் கலந்தால் கெடுதல்தான். தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்ட நம் வானியற்பியலாளர் சந்திரசேகரும் குருவானவர் லெமைத்ரும் படித்தது ஒரே ஐன்ஸ்டைனை.

கே: சுற்றி வளைக்காதீர்கள். நீங்கள் கும்பிடுகிறீர்களா, இல்லையா? (சபாக் பெர்ணம்)

ப: கும்பிடுகிறேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்களும் போன தோட்டத்தில் இன்னும் நிற்கிற முனியாண்டி கோயிலில். பால் வெட்டப் போகுமுன் என் பாட்டி அங்கே சூடம் ஏற்றுவார். ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் இத்தனை இருக்கிறதே என்ற வியப்பில் என் கை தானாகக் குவிகிறது. அதை நிரூபணம் என்று எவரிடமும் நீட்ட மாட்டேன்.

கே: அந்தப் பழைய சூட்டை நான் வீட்டில் பார்க்க முடியுமா? (ஐந்தாம் ஆண்டு மாணவன், ஹுத்தான் மெலிந்தாங்)

ப: முடியும், கண்ணா. ஏரியல் வைத்த பழைய பெட்டி டிவி இருந்தால் போடு. பழைய அனலாக் ஒளிபரப்பை 2019இல் நம் நாட்டில் நிறுத்திவிட்டதால், நிகழ்ச்சி வராது. புள்ளிகளும் இரைச்சலும் மட்டும் வரும். அதில் நூற்றில் ஒரு பங்கு, அண்டத்துக்கு ஏறத்தாழ 380,000 வயதானபோது கிளம்பிய ஒளியால் வருவது. 1964இல் அமெரிக்காவில் பென்சியாஸும் வில்சனும் தங்கள் ஏரியலில் இந்த இரைச்சலைக் கேட்டு, உள்ளே கூடு கட்டிய புறாக்களின் எச்சம்தான் காரணமோ என்று வழித்துத் துடைத்தார்கள். இரைச்சல் போகவில்லை. 1978இல் நோபல் பரிசு வந்தது. தாத்தா வீட்டுச் சாமான் அறையில் தேடிப் பார். சுவிட்சை மட்டும் பெரியவர்களைப் போடச் சொல்.