சுடச் சொல்லித் தர ஓர் ஆள்

டெக்ஸஸில் கார் ஓட்ட லைசென்ஸ் வேண்டுமென்றால் எழுத்துத் தேர்வு, கண் பரிசோதனை, பக்கத்தில் உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கும் அதிகாரி என்று எல்லாம் உண்டு. கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு மளிகைக்கடைக்குப் போக இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாத யாரும் உரிமம் வாங்காமலே எடுத்துப் போகலாம். ஆகவே இங்கே பயிற்சி என்பது சட்டம் கேட்பதல்ல, மனைவி கேட்பது. "கத்துக்காம அதை வீட்டுக்குள்ள கொண்டுவந்தீங்கன்னா, நீங்களும் அதுவும் கராஜ்லதான்" என்று என் வீட்டுச் சட்டசபை ஒரே அமர்வில் மசோதாவை நிறைவேற்றிவிட்டது.

எச்-1பி விசாவில் இருந்தவரை இந்த ஆசைக்கே வழியில்லை. அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்திய அரசின் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. சாம்பாரில் முருங்கைக்காயைத் தவிர வேறெதையும் வேட்டையாடி அறியாதவன் நான். கிரீன் கார்டு வரட்டும் என்று காத்திருந்தேன்.

எனக்கிருந்த முன் அனுபவம் இரண்டு வகை. ஒன்று, ரோல் கேப் போட்டுச் சுடும் தீபாவளித் துப்பாக்கி. இன்னொன்று தமிழ் சினிமா. அதில் கதாநாயகனுக்குக் குண்டு தீராது, காது அடைக்காது; வில்லனின் அடியாட்களோ பத்தடி தூரத்தில் நிற்கும் ஆளைக்கூட விட்டுவிட்டுப் பானையை உடைப்பார்கள். பானை உடைக்கும் கட்சியில்தான் எனக்கு இடம் என்று உள்மனசுக்குத் தெரியும்.

முதலில் கிடைத்த குரு அலுவலக நண்பர். "காசு கொடுத்தா கத்துக்குவாங்க? எங்க நிலத்துக்கு வா" என்றார். போனதும் 44 மேக்னம் ரிவால்வரை என் கையில் திணித்துவிட்டு, தன் போனில் வீடியோவைத் தட்டிவிட்டார். புதியவன் கையில் பெரிய துப்பாக்கியைக் கொடுத்து, அது உதைப்பதைப் படம் பிடித்துச் சிரிப்பது இங்கே ஒரு குடிசைத் தொழில். "வயிறு சரியில்லை" என்றேன். அது பொய்யும் அல்ல.

அடுத்தவர் சுடும் அரங்கத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி கழற்றாத தாடிக்காரர். முதல் ஒரு மணி நேரம் அவருடைய வீர வரலாறு. பிறகு, ஓடும் காரிலிருந்து உருண்டு விழுந்து சுடுவது எப்படி என்று ஆரம்பித்தார். எனக்கு நின்ற காரிலிருந்து இறங்கவே முட்டி மடக்க வேண்டியிருக்கிறது.

சரி, அரசாங்கம் சொல்லும் உரிம வகுப்புக்கே போவோம் என்று விசாரித்தேன். உரிமம் கட்டாயமில்லை என்றாலும் வேறு பல மாநிலங்களில் செல்லும் என்பதால் வாங்குகிறார்கள். நான்கு முதல் ஆறு மணி நேரம் வகுப்பறைப் பாடம். பிறகு 3, 7, 15 கஜ தூரங்களில் மொத்தம் 50 குண்டு. 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. நீந்தத் தெரியுமா என்று பார்க்கக் கிணற்றில் இறக்குவார்களே தவிர, நீந்தச் சொல்லித்தரும் இடம் அதுவல்ல.

கடைசியில் அகப்பட்டவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேள்விகள்தான் கேட்டார்: எதற்குக் கற்கிறீர்கள், வீட்டில் குழந்தைகள் உண்டா, எங்கே வைத்துப் பூட்டுவீர்கள், எந்தக் கண் ஓங்கிய கண்? கடைசிக் கேள்விக்கு, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சின்ன முக்கோணம் விட்டு, தூரத்துக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லி அவரே விடை கண்டார். வலது கைக்காரனான எனக்கு இடது கண் ஓங்கியது என்று தெரிந்தபோது, எங்கள் வீட்டில் யாருமே ஆச்சரியப்படவில்லை.

அன்றைக்குக் குண்டே கிடையாது. அரிஸோனாவில் 1976இல் துப்பாக்கிப் பள்ளி தொடங்கிய ஜெஃப் கூப்பரின் நான்கு விதிகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தார்: எந்தத் துப்பாக்கியும் குண்டு போட்டதாகவே நினை; அழிக்கத் துணியாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே; குறி இலக்கில் பதியும்வரை ட்ரிகரில் விரல் வைக்காதே; இலக்கும் அதன் பின்னால் இருப்பதும் என்னவென்று தெரிந்துகொள்.

அடுத்த வகுப்புக்குக் கழுத்தை மூடிய டிசர்ட்டில் வரச் சொன்னார். காரணம், தெறிக்கும் வெற்றுத் தோட்டா அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டில் இருக்கும். சட்டைக்குள் விழுந்தால் கையில் துப்பாக்கியோடு பரதநாட்டியம்தான். அதிகம் உதைக்காத பாயிண்ட் 22இல் தொடங்கி 9 எம்எம்முக்கு வந்தோம். என் குண்டுகள் எல்லாம் இடப்பக்கம் கீழேயே போய்க் குடியேறின. அவர் இலக்கைப் பார்க்கவே இல்லை, என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்குத் தெரியாமல் நிஜக் குண்டுகளுக்கு நடுவே டம்மிகளைக் கலந்து போட்டார். டம்மி வந்தபோது துப்பாக்கி வெடிக்கவில்லை. ஆனால் வெடித்துவிட்டதாக நினைத்து என் கை மட்டும் தரையை நோக்கிக் கும்பிடு போட்டது. உதைக்கும் என்ற பயத்தில் முன்கூட்டியே அமுக்குகிறேன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வீட்டில் வெற்றுத் துப்பாக்கியில், பக்கத்து அறையில்கூடக் குண்டு இல்லாமல், ட்ரிகரை நிதானமாக இழுத்துப் பழகுவதுதான் மருந்து என்றார்.

"அப்படியானால் ஒன்று வாங்கிவிடட்டுமா?" என்று ஆவலோடு கேட்டேன். "இப்போது வேண்டாம். கை பழகட்டும், அதுவரை அந்தப் பயிற்சியையும் இங்கேயே வாடகைத் துப்பாக்கியில் செய்யுங்கள்" என்றார். அவர்தான் சரியான குரு என்பது எனக்கு அப்போது உறுதியானது. அமெரிக்காவில் என் கிரெடிட் கார்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்ன ஒரே மனிதர் அவர்.

என் மனைவிக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. எனக்கு அடுத்து மோட்டார் சைக்கிள் ஆசை இருப்பது அவளுக்குத் தெரியும்; அதற்கும் இதே மாதிரி ஒரு டீச்சர் கிடைப்பாரா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.